பணியிட இரைச்சல் மதிப்பீட்டாளர் பயிற்சி: பணம் கட்டும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

தொழிற்சாலையில் இரைச்சலை அளந்து, அது யார் காதை எந்த அளவுக்குப் பாதிக்கும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலைக்குப் பயிற்சி எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் இறங்கியபோது விவரம் சொல்ல ஆளில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று, ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமான பணம் வீணாயிற்று, இடையில் 'இது நமக்குச் சரிப்படாது' என்று விட்டுவிடும் நிலைக்கும் வந்தேன். இப்போது இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் வந்து சேர்ந்த வழியில் பாதி தேவையே இல்லாத சுற்று.

பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து ஆளை வரவழைத்து இரைச்சலை அளப்பதற்கு அதிகம் செலவாகிறது, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. கட்டணத்தை முதலில் நான் கட்டிவிட வேண்டும், சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால் திருப்பித் தருவார்கள் என்று ஏற்பாடு. 'தகுதி பெற்ற இரைச்சல் மதிப்பீட்டாளர்' என்று பெரிதாக விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். குளிரூட்டிய அறை, இரண்டு நாள், நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள். காதின் படம், ஒலி அலையின் படம், சட்டங்களின் பட்டியல் என்று ஓடியது. மீட்டர் ஒன்று மேஜை மேல் இருந்தது. அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, கைதட்டச் சொல்லி, எண் ஏறுவதைக் காட்டினார்கள். செய்முறை என்று சொன்னது அவ்வளவுதான். கடைசியில் எல்லாருக்கும் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு சான்றிதழ்.

அதை நிர்வாகத்திடம் கொடுத்தேன். அடுத்து வந்த தணிக்கையாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் பங்கேற்றார் என்றுதானே போட்டிருக்கிறது, தேர்ச்சி பெற்றார் என்று எங்கே இருக்கிறது?" பதில் இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. பயிற்சி நிறுவனத்துக்குப் போன் செய்தால், 'பங்கேற்புச் சான்றிதழ் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறதே சார்' என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். அன்றைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

அதனால் முதல் விஷயம் இது. பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு உண்டா, அதைத் திருத்துவது பயிற்சி நடத்துபவரா, வெளியிலுள்ள ஓர் அமைப்பா? மீட்டரைக் கையில் வைத்து நானே அளந்து காட்டும் செய்முறைத் தேர்வு உண்டா? ஒரு முழு அறிக்கை எழுதச் சொல்லி அதைப் படித்துப் பார்த்துக் குறை சொல்வார்களா? இந்தச் சான்றிதழை நான் வேலை செய்கிற நாட்டின் சட்டப்படி யார் ஏற்பார்கள்? பிரிட்டனில் ஒலியியல் துறையினரின் அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் அகூஸ்டிக்ஸ் பணியிட இரைச்சலுக்கென்றே தனித் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிறது. பணியிடச் சுகாதாரப் பயிற்சிக்கான அமைப்பான ஓ.எச்.டி.ஏ.வின் பாடத்திட்டம் பல நாடுகளில் நடக்கிறது; அதில் டபிள்யூ503 என்று பலரும் அறிந்த தொகுதி முழுக்க இரைச்சல் அளவீடும் அதன் விளைவுகளும்தான். இரண்டிலும் தேர்வு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் வேறு எதையாவது கேட்கலாம். அதை விசாரித்துவிட்டுச் சேருங்கள். விளம்பரத்தில் 'சர்வதேசத் தரம்' என்று மட்டும் போட்டு, எந்த அமைப்பு என்று போடாமல் இருந்தால் விலகிவிடுங்கள்.

இரண்டாவது முறை தேர்வுள்ள பயிற்சியில், முழுக்கச் சொந்தச் செலவில், விடுப்பு எடுத்துக்கொண்டு சேர்ந்தேன். அங்கே கணக்கு வாட்டி எடுத்தது. பள்ளிக்குப் பிறகு மடக்கை பக்கமே போகாத ஆள் நான். 85 டெசிபெல் மெஷின் பக்கத்தில் இன்னொரு 85 டெசிபெல் மெஷினை ஓட்டினால் 88 என்பார்கள், 170 இல்லை. 90க்குப் பக்கத்தில் 80ஐ வைத்தால் 90.4, அந்த 80 இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இதைக் கேட்டுத் தலையாட்டுவது சுலபம், தேர்வில் நேரத்துக்குள் போடுவது சுலபமில்லை. மூன்று டெசிபெல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு என்கிற இரண்டையும் மனதில் ஊறப்போடுங்கள். 85இல் 8 மணி நேரம் இருப்பதும், 88இல் 4 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், 100இல் 15 நிமிடம் இருப்பதும் காதுக்கு ஒன்றே. பயிற்சிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் இரண்டு கணக்கு என்று போட்டுப் பழகிவிட்டால் வகுப்பில் மற்றதைக் கவனிக்க முடியும். நான் வகுப்பு நேரம் முழுக்கக் கால்குலேட்டரோடு மல்லுக்கட்டியதில், செவிப் பாதுகாப்புப் பாடத்தில் பாதி காதிலேயே விழவில்லை.

கணக்கைவிடக் குழப்பியது இன்னொன்று. ஒரே ஆள், ஒரே நாள், ஆனால் எந்த விதிப்படி கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒருவர் 92 டெசிபெலில் 2 மணி நேரம், 84இல் 4 மணி நேரம், 70இல் 2 மணி நேரம் வேலை செய்கிறார். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதி என்கிற விதிப்படி 8 மணி நேரச் சராசரி ஏறக்குறைய 87. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகளில் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுகள் 80, 85. காதுப் பாதுகாப்பையும் கணக்கில் எடுத்த பிறகு தாண்டவே கூடாத வரம்பு 87. ஆக இவருக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் வரம்பு 90, ஐந்து டெசிபெல் கூடினால்தான் அனுமதிக்கும் நேரம் பாதியாகும், வரம்பைக் கணக்கிடும்போது 90க்குக் கீழே உள்ள ஒலி சேர்க்கப்படுவதே இல்லை. அப்படிப் போட்டால் அதே ஆளுக்கு 82தான் வரும். அதே ஓஷாவில் செவிப் பரிசோதனைத் திட்டத்துக்கான கணக்கில் 80 வரை சேர்த்துக்கொள்வார்கள், அப்போது 85ஐத் தாண்டிவிடும். டோசிமீட்டர், அதாவது ஆள் உடலிலேயே மாட்டி நாள் முழுக்க இரைச்சலைக் கணக்கிடும் சின்ன மீட்டர், இந்த மூன்றில் எந்த அமைப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆள் தோளில் மாட்டிவிட்டால், மாலையில் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாடகைக்கு எடுக்கும் டோசிமீட்டரில் முந்தைய ஆள் வைத்த அமைப்பு அப்படியே கிடக்கும். மாட்டுவதற்கு முன் திரையில் அந்த அமைப்பைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இப்போது என் வழக்கம்.

வாடகை என்றதும் இன்னொரு இழப்பு ஞாபகம் வருகிறது. தகுதிக்காக ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. மீட்டரும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் காலிபிரேட்டரும் வாடகைக்கு எடுத்தேன், ஒரு ஷிஃப்ட் முழுக்க அளந்தேன், இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். மதிப்பிட்டவர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். வாடகைக்குக் கொடுத்தவர்கள் மீட்டரின் சான்றிதழைச் சரியாக அனுப்பியிருந்தார்கள், காலிபிரேட்டருடையது காலாவதியாகியிருந்தது. உறைக்குள் பழைய ஸ்டிக்கர் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் தேதி தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. வாடகை, விடுப்பு, தொழிற்சாலையில் கெஞ்சி வாங்கிய அனுமதி எல்லாம் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து. அன்று வீடு திரும்பும் வழியில் இந்த வேலையே வேண்டாம் என்று நிஜமாகவே முடிவு செய்தேன். மறுநாள் மனம் மாறியது வேறு விஷயம்.

காலிபிரேட்டர் என்பது மைக்கின் மேல் மூடி மாதிரிப் பொருந்தும் ஒரு சின்னப் பெட்டி. 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபெல் ஒலியைக் கொடுக்கும். 94 என்பது ஒரு பாஸ்கல் அழுத்தம், அதனால்தான் அந்த எண். அளப்பதற்கு முன் ஒரு முறை, முடித்த பின் ஒரு முறை மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 0.5 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய அளவுகள் அத்தனையும் குப்பை என்கிறது பணியிட இரைச்சலை அளக்கும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9612. கருவி வரும்போதே மீட்டர், மைக், காலிபிரேட்டர் மூன்றின் வரிசை எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பயிற்சிக் காலத்தில் சொந்தமாக வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பின்னால் வாங்கினால் ஒலி மீட்டர்களுக்கான ஐ.ஈ.சி. 61672 தரத்தில் வகுப்பு 2 மீட்டர் போதும் என்று பல இடங்களில் ஏற்பார்கள், கையில் பணமிருந்தால் வகுப்பு 1. போன் செயலிகள் ஒரு குத்துமதிப்புக்கு உதவும்; அமெரிக்க அரசின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் வெளியிட்ட செயலி ஐபோனில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை வைத்து அறிக்கை எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இனி, வகுப்பில் சொல்லித் தராத பாதி. மீட்டரைப் பிடிக்க யாராலும் முடியும். எதை, எப்போது, எவ்வளவு நேரம் அளப்பது என்பதுதான் வேலை. அதற்கு முதல் ஒரு மணி நேரம் மீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பிரஸ் ஒன்றுதான் பிரச்சினை என்று சூப்பர்வைசர் என்னை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் அதைத்தான் கைகாட்டினார்கள். நான் அதற்குப் பக்கத்து வரிசையில் துளை போடும் மெஷினில் இருந்தவரைப் பார்த்தபடி நின்றேன். ஒரு பீஸ் முடிந்ததும் வலது கையால் மேலே தொங்கும் ஏர் கன்னை இழுப்பார், சீவலை ஊதுவார், துளைக்குள் ஊதுவார், பீஸைத் திருப்பி இன்னொரு தரம் ஊதுவார், பிறகு மேஜையையும் ஒரு ஊது, சட்டையில் ஒட்டியதற்கும் ஒரு ஊது. "அண்ணே, ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஊதுவீங்க?" என்றேன். "அதெல்லாம் சும்மா ஒரு செகண்டு சார்" என்றார். ஸ்டாப்வாட்ச் பத்து விநாடி காட்டியது. அடுத்த பீஸுக்கும் அதே. ஒரு பீஸ் முடிய ஒரு நிமிடம் ஆகிறது. ஊதும்போது அவர் காதருகில் 101 டெசிபெல், மற்ற ஐம்பது விநாடியும் 82.

இதைச் சேர்த்துப் போட்டால் அந்த ஒரு நிமிடத்தின் சராசரி 93.5. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் இதே வேலை என்றால் 8 மணி நேரச் சராசரி 93. ஏர் கன் இல்லாவிட்டால் 82கூட வராது. பிரஸ்ஸுக்கு அறை கட்ட வேண்டும் என்று பெரிய மதிப்பீடு போட்டு வைத்திருந்தார்கள்; அதைக் கட்டி முடித்தாலும் இவர் காதுக்கு ஒன்றும் மாறியிருக்காது. சத்தம் குறைந்த முனையை ஏர் கன்னில் மாட்டினால் பத்து டெசிபெல் வரைகூடக் குறையும். 101 என்பது 91 ஆனால் நிமிடச் சராசரி 85ஐ ஒட்டி இறங்கிவிடும். காற்றழுத்தத்தையும் குறைத்தால் இன்னும் கீழே போகும். தொழிலாளி சொல்கிற நேரத்தை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பழகிப்போன கைக்கு நேரம் தெரிவதில்லை.

எத்தனை தரம் அளப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9612 வழி சொல்கிறது. வேலையைத் தனித்தனிப் பணிகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று தரம், ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடமாவது அளக்க வேண்டும். மூன்றுக்கும் நடுவே 3 டெசிபெலோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் இன்னும் மூன்று தரம், இல்லாவிட்டால் அந்தப் பணியையே இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டது ஏதோ அதற்குள் ஒளிந்திருக்கிறது என்றுதான் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம். எங்கெங்கோ அலைகிற மெயின்டனன்ஸ் ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் போன்றவர்களுக்கு இப்படிப் பிரித்து அளப்பது நடக்காது. அவர்களுக்குத்தான் டோசிமீட்டர். மைக் தோள் மேல், காதுத் துளையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி, சத்தம் அதிகம் படும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டோசிமீட்டர் கொடுக்கும் வரைபடத்தை நம்புவதற்கு முன் அந்த ஆளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் உச்ச அளவு 140ஐத் தாண்டி நின்றது. அது சட்டத்தின் மேல் வரம்பு. பதறிப்போய்க் கேட்டால், சாப்பிடப் போகும்போது கருவியைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மைக்கில் விரலால் தட்டுவது, பாடுவது, நண்பன் காதில் கத்துகிறேன் என்று மைக்கில் கத்துவது எல்லாம் நடக்கும். மாட்டும்போது 'இது நீங்கள் பேசுவதைப் பதிவு செய்யவில்லை, அளவை மட்டும் குறிக்கிறது' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி விளையாட்டு நின்றுவிடும். நாம் பேசுவதை நிர்வாகம் ஒட்டுக்கேட்கிறது என்கிற சந்தேகம்தான் பலருக்கும்.

இயர் பிளக் பற்றி வகுப்பில் கோட்டைவிட்ட பாடத்தைப் பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. 30 டெசிபெல் குறைக்கும் இயர் மஃபை ஷிஃப்டில் பாதி நேரம் மட்டும் போட்டால் கிடைக்கும் பலன் வெறும் 3 டெசிபெல். கணக்கு சுலபம்: மீதிப் பாதி நேரத்தில் காதுக்குள் போன ஆற்றல் அப்படியே பாதி, பாதி என்றால் 3. பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிட்டு 'எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம்' என்று கையெழுத்து வாங்கும் இடங்கள்தான் அதிகம். எவ்வளவு டெசிபெல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எஸ்.என்.ஆர். எண்ணையும் அப்படியே கழிக்கக் கூடாது. முதலாவது, அதைக் கழிக்க வேண்டியது சி அளவிலிருந்து. மீட்டரில் ஏ, சி என்று இரண்டு அமைப்பு உண்டு: காது கேட்கிற விதத்தில் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடுவது ஏ, அதையும் ஏறக்குறைய முழுதாகச் சேர்ப்பது சி. ஏ அளவிலிருந்து கழித்தால் கம்பிரஸர் போன்ற தாழ்ந்த ஒலி அதிகமுள்ள இடங்களில் பாதுகாப்பு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். ஆகவே அளக்கும்போதே ஏ, சி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், மறந்துவிட்டால் இன்னொரு தரம் போக வேண்டியதுதான். இரண்டாவது, பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.ஈ. அந்த எண்ணில் 4ஐக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆட்கள் ஆய்வகத்தில் போடுவது போலத் தொழிற்சாலையில் போடுவதில்லை. இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதும் தப்பு. காதுக்குள் 70க்குக் கீழே போய்விட்டால் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் கேட்காது, பேசுவது கேட்காது, ஆள் எரிச்சலில் கழற்றி எறிந்துவிடுவார்.

அறிக்கை கொடுக்கும் நாள் தனி. ஒரு பிரிவில் எனக்கு 84.6 வந்தது. '85க்குக் கீழேதானே, பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுங்கள்' என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இந்த அளவீடுகளில் 2, 3 டெசிபெல் முன்பின் இருப்பது சகஜம். 84.6 என்றால் 85ஐத் தாண்டியிருக்கவும் நன்றாகவே வாய்ப்பு உண்டு. அப்படியே எழுதினேன், கூடவே அந்த முன்பின் எவ்வளவு என்பதையும். கொஞ்ச நாள் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. சக ஊழியர்களில் சிலர் 'உனக்கெதற்கு வம்பு' என்றார்கள். உள்ளே வேலை செய்பவரே மதிப்பீட்டாளராக இருப்பதில் இந்தச் சங்கடம் உண்டு என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. எனக்கு உதவியது ஒன்றுதான்: அளக்கப் போவதற்கு முன்பே, எந்த முறையில் அளப்பேன், எந்த அளவைத் தாண்டினால் என்ன எழுதுவேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுவது. எண் வந்த பிறகு பேரம் பேச இடமிருக்காது.

அறிக்கையில் எண்களின் பட்டியலை முன்னால் வைக்காதீர்கள், யாரும் படிப்பதில்லை. யார் யாருக்கு ஆபத்து, எந்தச் செயலால், எதை முதலில் மாற்றலாம், யார் எந்தத் தேதிக்குள் என்பது முதல் பக்கத்தில் வரட்டும். இயர் பிளக் கொடுக்கவும் என்று மட்டும் முடிக்கிற அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முனையை மாற்றுவது, தகட்டில் அதிர்வைத் தடுக்கும் பட்டையை ஒட்டுவது, பீஸ் விழும் உயரத்தைக் குறைப்பது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது என்று அதிகச் செலவில்லாத வழிகள் எத்தனையோ இருக்கின்றன. டொலுயீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்கள் புழங்கும் இடமென்றால் அதையும் குறிப்பிடுங்கள். அவையும் காதைக் கெடுப்பவை, இரைச்சலோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

தேர்ச்சி பெற்ற கையோடு தனியாகக் கிளம்பாதீர்கள். முதல் சில ஆய்வுகளுக்கு அனுபவமுள்ள ஒருவரோடு கூலி வாங்காமலாவது போங்கள். நான் அப்படிக் கெஞ்சிச் சேர்ந்துகொண்ட ஒருவரிடம்தான், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மெஷினை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி நிறுத்திக் கண்டுபிடிக்கக் கற்றேன். அப்புறம், உங்கள் காதுக்கும் ஒரு பரிசோதனை செய்து ஆரம்ப அளவைப் பதிந்து வையுங்கள். இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத்தான் முதலில் தெரியும். பரிசோதனைக்கு முந்தைய நாள் ஆய்வுக்குப் போகாதீர்கள், தற்காலிகமாக மந்தமான காது தப்பான அளவைக் காட்டும். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் மீட்டரோடு நிற்கப்போவது நீங்கள்தான். பையில் மீட்டருக்கு முன்னால் இயர் பிளக்கை எடுத்து வையுங்கள்.